கட்டிலோரத் தொட்டில்: முதலில் அளக்க வேண்டியது அம்மா வீட்டுக் கட்டிலை

கேள்வி: எனக்கு இது 35-வது வாரம். குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பாததால் சிசேரியன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரசவம் முடிந்து ஐந்து மாதம் ஈரோட்டில் அம்மா வீட்டில் இருப்பேன். கட்டிலோடு ஒட்டி வைக்கிற பெட்சைட் ஸ்லீப்பர் வாங்கலாம் என்கிறார் கணவர். பால் கக்காமல் இருக்கத் தலைப்பக்கம் உயர்த்துகிற மாடலைப் பார்த்து வைத்திருக்கிறார். அம்மா, “தூளி இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?” என்கிறார். மாமியாரோ, குழந்தை தாயின் சூட்டிலேயே படுக்க வேண்டும் என்கிறார். எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது?
— வாசகி, சென்னை

பதில்: குழந்தை நல மருத்துவர்

கணவர், அம்மா, மாமியார் மூவருமே அக்கறையில்தான் சொல்கிறார்கள். குழந்தை உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் மாமியார் சொல்வது சரி. முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே தூங்கட்டும், ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022-ம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதே சமயம் உங்கள் மெத்தை, தலையணை, போர்வைக்குள் சிக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் ஏற்றதுதான் கட்டிலோரத் தொட்டில். சிசேரியன் தையலோடு ராத்திரி நாலு முறை எழுந்து குனிந்து குழந்தையைத் தூக்குவது எவ்வளவு வலி என்று அனுபவித்தவர்களைக் கேட்டால் தெரியும். அந்த வகையில் உங்களுக்கு இது உண்மையிலேயே உதவும்.

ஆனால் கணவர் மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தொட்டிலைப் பயன்படுத்துவது ஏறக்குறைய ஐந்து மாதம் வரைதான். குழந்தை கை, முழங்காலை ஊன்றி எழும்பத் தொடங்கும் நாளில், அது எந்த மாதமானாலும், இதை நிறுத்திவிட வேண்டும். அந்த ஐந்து மாதமும் நீங்கள் ஈரோட்டில் இருக்கப்போகிறீர்கள். அதனால் சென்னை வீட்டுக் கட்டிலுக்குப் பொருத்தமாக வாங்கிப் பயனில்லை. அம்மா வீட்டில் நீங்கள் படுக்கப்போகும் கட்டிலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்த ஒரு தாய், குழந்தை தூங்கும் இடத்தைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். நல்ல தொட்டில், விலை உயர்ந்ததும்கூட. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவர் மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவே நாலு விரல் நுழையும் சந்து இருந்தது. அதில் பழைய சேலையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அது அடியில் டிராயர் வைத்த பாக்ஸ் கட்டில். தொட்டிலின் கால்கள் உள்ளே போக இடமில்லை, தொட்டிலைக் கட்டிலோடு இணைக்கும் பெல்ட்டைச் சுற்றிக் கட்டவும் வழியில்லை. அதனால் தொட்டில் சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நாம் ஒருமுறை புரண்டு படுத்தாலே அந்தச் சந்து பெரிதாகும், சேலையும் தளர்ந்துவிடும். குழந்தையின் முகம் அதில் போய்ப் பதிந்தால் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது. அன்றே பக்கத் தடுப்பை முழுவதும் உயர்த்திப் பூட்டி, கட்டிலை விட்டு ஓர் அடி தள்ளி, தனித் தொட்டிலாக வைக்கச் சொன்னேன். அம்மா வீட்டுக் கட்டிலும் பாக்ஸ் கட்டில் என்றால் உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். கட்டிலோடு இணைக்காமல் அருகில் வைத்தாலும் அது பாதுகாப்பான தொட்டில்தான்.

கால் வைத்த சாதாரணக் கட்டில் என்றால், மெத்தையைச் சுற்றி மரச்சட்டம் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். சட்டம் இருந்தால் தொட்டில் மெத்தையைத் தொடாது, சட்டத்தைத்தான் தொடும். அங்கே சந்து நிச்சயம். அப்படித் துருத்தும் சட்டம் இல்லையென்றால் அடுத்தது உயரம். தொட்டிலின் பக்கத்தை இறக்கிய பிறகும் குட்டையாக ஒரு தடுப்பு மிஞ்சுகிற மாடலையே நான் விரும்புவேன். அந்தத் தடுப்பின் மேல்விளிம்பும் உங்கள் மெத்தையின் மேல்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது குழந்தையின் படுக்கை உங்களுடையதைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும், அது உருண்டு உங்கள் பக்கம் வராது. உங்கள் மெத்தை தடுப்பைவிட உயரமாக இருந்தால், உங்கள் போர்வையும் தலையணையும் அதன் மேல் சரிந்து விழும்.

பெல்ட் இல்லாத தொட்டிலை வாங்கவே வேண்டாம். பெல்ட் தொட்டிலிலிருந்து கிளம்பி கட்டிலின் உறுதியான சட்டத்தைச் சுற்றி இறுக வேண்டும். கட்டிய பிறகு கட்டிலில் உட்கார்ந்து முழங்காலால் தொட்டிலைத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். முதல் நாள் சரியாக இருந்த பெல்ட் பத்தாம் நாள் தளர்ந்திருக்கும். அதனால் ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டில் பயன்படுத்திய தொட்டில் என்றால் கையேடும் எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 2008-ல் அமெரிக்காவில், பக்கம் இறங்கும் ஒருவகைத் தொட்டிலில் துணி மறைப்பு சரியாகப் பொருந்தாமல், கம்பிகளுக்கு இடையே நழுவி இரண்டு குழந்தைகள் இறந்த பிறகு அந்த மாடலையே திரும்பப் பெற்றார்கள். ஒரு கொக்கி குறைந்தாலும் ஊக்கு குத்திச் சமாளிக்கக் கூடாது.

இப்போது தலைப்பக்கம் உயர்த்தும் வசதி. பால் கக்குவதைப் பார்த்துப் பயந்துதான் கணவர் அதைத் தேடுகிறார், அந்தப் பயம் புரிகிறது. ஆனால் மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்து வரும் பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். கீழே இறங்கவே அதற்கு வழி சுலபம். சாய்வான படுக்கையிலோ குழந்தை மெல்லச் சரிந்து தாடை நெஞ்சில் போய் முட்டும். பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை, மூச்சுப்பாதை மெலிது. தாடை நெஞ்சில் அழுந்தினால் அழக்கூட முடியாமல் மூச்சு அடைத்துப்போகும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒரு சாய்வுப் படுக்கையில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகத் தகவல்கள் வந்த பிறகு, 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாது என்று 2022-ல் அங்கே சட்டமே வந்துவிட்டது. எனவே உயர்த்தும் வசதி இருந்தாலும் அதைத் தொடாதீர்கள், சமமாகவே வையுங்கள். ஆடும் வசதி இருந்தால் தூங்கும்போது பூட்டிவிடுங்கள். பால் கொடுத்ததும் தோளில் சாய்த்துக் கொஞ்ச நேரம் முதுகைத் தடவி ஏப்பம் விடவையுங்கள்.

மல்லாக்கப் படுக்க வைப்பது இன்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் 1994-ல் இதற்காகவே பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அதன்பின் தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குப்புற உருண்டுவிடும், அதுவும் வேண்டாம்.

தொட்டிலோடு வரும் மெத்தை கெட்டியாக, மரப்பலகை போலத்தான் இருக்கும். “பச்சப்புள்ளைக்கு முதுகு வலிக்காதா?” என்று பாட்டிமார்கள் மேலே இலவம்பஞ்சு மெத்தை போடுவார்கள். வலிக்காது. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காத மெத்தைதான் வேண்டும், அதன் மேல் இறுக்கமான ஒரு விரிப்பு, அவ்வளவுதான். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வாங்கித் தரும் கடுகு தலையணை, இரண்டு பக்கமும் அணைக்கும் குட்டித் திண்டுகள், பொம்மைகள் எதுவும் தூங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அப்புறம், கட்டில் தலைமாட்டில் தொங்கும் போன் சார்ஜர் ஒயர். தொட்டில் வந்து நிற்கும் இடமே பெரும்பாலும் அந்த பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில்தான். ஒயரை அறையின் மறுபக்கம் மாற்றுங்கள்.

கொசுவுக்கு, உங்கள் கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து மூடும் பெரிய வலையை விறைப்பாகக் கட்டுங்கள். தொட்டிலுக்குள் சரிந்து விழும்படி தொளதொளவென்று இருக்க வேண்டாம். ஈரோட்டு வெயிலில் தொப்பி, சாக்ஸ், கம்பளி என்று போர்த்துவதும் ஆபத்துதான். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். ஃபேன் ஓடட்டும்.

தூளியைப் பற்றி அம்மாவிடம் பக்குவமாகப் பேசுங்கள். நம்மில் எத்தனையோ பேர் தூளியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் சேலை வளைந்துகொடுக்கும், குழந்தையும் அதோடு வளைந்து படுக்கும். மேலே சொன்ன தாடை, நெஞ்சுப் பிரச்சினை இங்கேயும் உண்டு. ஓரத் துணி முகத்தின் மேல் மடங்கவும் செய்யும். கழுத்து நிற்கும்வரை ராத்திரித் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம். பகலில் தாலாட்டி அதில் தூங்கிப்போனால், தூக்கித் தொட்டிலில் சமமாகப் படுக்க வைக்கட்டும். பேரனையோ பேத்தியையோ தாலாட்டும் ஆசையை அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

படுத்தபடி பால் கொடுக்கும்போது கண் அசந்துவிடும், எல்லாத் தாய்க்கும் அப்படித்தான். சோபாவில் உட்கார்ந்து கொடுத்தபடி தூங்கிவிடுவதுதான் மிக ஆபத்து, கட்டில் அதைவிடப் பரவாயில்லை. விழித்ததும் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் குளிக்கவோ சாப்பிடவோ எழுந்தால் பக்கத் தடுப்பை உயர்த்திப் பூட்டிவிட்டுப் போங்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ எடை குறைவாக இருந்தாலோ, மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் தூங்க வைக்கும் முறையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே அம்மாவிடம் சொல்லி மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம் வரை, தரையிலிருந்து கட்டிலின் அடிச்சட்டம் வரை, மெத்தை ஓரத்திலிருந்து எதிர்ச்சுவர் வரை. முதல் அளவை இரண்டு முறை எடுக்க வேண்டும், மெத்தை சும்மா இருக்கும்போது ஒன்று, ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மெத்தை அமுங்கிவிட்டது, எந்தத் தொட்டிலும் அதோடு சமமாக நிற்காது. அப்படியென்றால் மெத்தையை மாற்றுங்கள், இல்லையேல் தொட்டிலைத் தள்ளி வைத்துவிடலாம்.