பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் பாமினி கோப்புகள் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்டாப் 2016-ல் வாங்கியது. ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதிதாக வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். மகன் லினக்ஸ் போடலாம் என்கிறான். பத்து வருடமாக மகளிர் குழுவின் கடிதங்கள், தீர்மானங்கள் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் டைப் செய்து வைத்திருக்கிறேன். அவை போய்விடுமா? - தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: போகாது. உங்கள் மகன் சொல்வது நல்ல யோசனை. லினக்ஸ் என்பது விண்டோஸைப் போல கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருள். ஆனால் அவசரப்பட்டு இன்று ராத்திரியே இன்ஸ்டால் செய்ய விடாதீர்கள்.

கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. ஆனால் அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நன்றாகவே ஓடும். இலவசம், லைசென்ஸ் கேட்காது. மின்டின் 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

இப்போது பாமினி. உங்கள் கவலை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

எல்லாக் கருவிகளிலும் தமிழைத் தமிழாகவே பதியும் பொது முறை யூனிகோட். பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. நீங்கள் 'அம்மா' என்று அடித்தது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கிறது. பாமினி இருந்தால் அது தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். எனவே உங்களுக்குத் தேவை அந்த எழுத்துருக் கோப்பு மட்டுமே. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அங்கிருந்து பாமினியைப் பென்டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். மின்டில் அந்தக் கோப்பைத் திறந்து இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் போதும். எம்எஸ் ஆபீஸ் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் பழைய கடிதங்கள் தமிழிலேயே திறக்கும். கீபோர்டை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் பாமினியிலேயே புதிதாக டைப் செய்யவும் முடியும்.

இருந்தாலும், மாறுவதுதான் மாறுகிறீர்கள், யூனிகோடுக்கும் வந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாமினியில் அடித்த தீர்மானத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் யாராலும் படிக்க முடியாது. பத்து வருடக் கோப்புகளில் ஒரு உறுப்பினரின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினாலும் கிடைக்காது. கைப்பழக்கம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். பாமினியின் விசை அமைப்பு பெரும்பாலும் பழைய தமிழ் டைப்ரைட்டரின் அமைப்புதான். மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவியை இன்ஸ்டால் செய்து, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். அதன் தமிழ்ப் பட்டியலில் டைப்ரைட்டர், ரங்கநாதன் என்ற இரண்டையும் அடித்துப் பாருங்கள். எது உங்கள் விரலுக்குப் பழகியதோ அதை வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு அதே பட்டியலில் தமிழ்99 என்ற விசை அமைப்பு இருக்கிறது.

பழைய கோப்புகளை மாற்றித்தர இணையத்தில் கன்வர்ட்டர்கள் உண்டு. ஒரு எச்சரிக்கை: நடுவில் ஆங்கிலத்தில் அடித்த வங்கிப் பெயர், ஐஎஃப்எஸ்சி குறியீடு போன்றவற்றையும் அது பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். உறுப்பினர்களின் கணக்கு எண், ஆதார் எண் உள்ள பக்கங்களை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் தேவையில்லை. திரும்பத் திரும்ப எடுக்கும் கோப்புகளை மட்டும் மாற்றுங்கள், மற்றவை பாமினியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, எப்படிப் போடுவது என்பது. பல வீடுகளில் இந்த வேலையைச் செய்த அனுபவத்தில் சொல்கிறேன், பழைய டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க்கை அழி' என்ற தேர்வில் தவறிக் கிளிக் செய்துவிட்டுப் பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களை இழந்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். 240 ஜிபி அளவில் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டியை மாட்டி, அதில் லினக்ஸ் போடச் சொல்லுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுவிட்டால் விண்டோஸும் கோப்புகளும் அதில் அப்படியே இருக்கும். வேண்டியதை மின்டில் திறந்து காப்பி செய்துகொள்ளலாம். லினக்ஸ் பிடிக்கவில்லையா, பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினால் பழைய லேப்டாப் திரும்ப வந்துவிடும். வேகமும் கண்ணுக்குத் தெரியும். இந்த வயது லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பாதிக்கு மேல் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை மாற்றாமல் லினக்ஸ் மட்டும் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

கழற்றும் முன் இரண்டு வேலை இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி ஆனில் இருந்தால் ஆஃப் செய்து, அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள். கடைசியாக ஷட் டவுன் செய்யும்போது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நின்றுவிடும், மின்ட் அந்த டிஸ்க்கில் எழுதத் தயங்கும்.

எஸ்எஸ்டி வாங்குவதற்கும் முன்னால், செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். மின்டை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்யுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றாக எடுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமலே மின்ட் ஓடும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அணைத்தால் செய்த மாற்றங்கள் தங்காது. சோதிக்க அது போதும். வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர், உங்கள் பாமினிக் கோப்பு ஒன்று, எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வைஃபை வரவில்லையென்றால் போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போட்டு போனின் இணையத்தைக் கொடுங்கள், பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவர் இருந்தால் காட்டும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் தனி டிரைவர் கேட்டுப் படுத்தும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

டாலி, பேஜ்மேக்கர், போட்டோஷாப் இவற்றில் ஏதாவது தினமும் தேவை என்றால் மாற வேண்டாம், அவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. எக்ஸெல் கணக்குகள் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கும். மேக்ரோ எழுதியிருந்தால் மட்டும் சோதித்துப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அண்ணன்கள் யாராவது அதைப் பயன்படுத்தியிருக்கலாம், கேட்டுப் பார். தமிழிலேயே லினக்ஸ் படிக்க கணியம் தளம் இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன. எங்காவது சிக்கினால் திரையில் வரும் எரர் செய்தியைப் போட்டோ எடுத்து அவர்களிடம் கேள், அப்புறம் அடுத்த பொத்தானை அழுத்து.