ரெஸ்லிங்கில் பகிடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டபிள்யூ.டபிள்யூ.எவ், டபிள்யூ.சி.டபிள்யூ இரண்டும் ஒன்றையொன்று நக்கலடித்து டிவியில் நாடகம் போட்டனவாமே. அது எப்படித் தொடங்கியது? யாருக்கு இலாபம்?
– வாசகர், உவர்மலை

பதில்: இரண்டும் அமெரிக்க ரெஸ்லிங் கம்பனிகள். 1995 செப்டெம்பர் 4 இல் டபிள்யூ.சி.டபிள்யூ தனது 'நைட்ரோ' நிகழ்ச்சியைத் திங்கள் இரவில் தொடங்கியது. அந்த இரவு அதுவரை டபிள்யூ.டபிள்யூ.எவ் முதலாளி வின்ஸ் மெக்மாஹனின் 'ரோ' நிகழ்ச்சிக்கு உரிய இரவு. நைட்ரோவின் பின்னால் நின்றவர் தொலைக்காட்சி அதிபர் டெட் டேர்னர். மெக்மாஹன் வளர்த்துவிட்ட ஹல்க் ஹோகனும் ரண்டி சவேஜும் அப்போது டேர்னர் பக்கம் போயிருந்தார்கள்.

1996 ஜனவரியில் ரோவில் 'பில்லியனர் டெட்' குறுநாடகங்கள் வரத் தொடங்கின. ஒரு கூட்ட அறை, மேசைத் தலைமாட்டில் கோடீஸ்வர முதலாளி, பக்கத்தில் ஹோகனையும் சவேஜையும் போல 'ஹக்ஸ்டர்', 'நாச்சோ மேன்' என்று இரண்டு கிழட்டு வீரர்கள். முதலாளி டபிள்யூ.டபிள்யூ.எவ் இளைஞர்களின் பாய்ச்சல்களைக் காட்டி, உங்களால் இது முடியுமா என்று கேட்பார். இருவரும் முழிப்பார்கள். அப்போது ஹோகனுக்கு 42 வயது, சவேஜுக்கு 43. கடைசிக் கட்டமாக, மார்ச் 31 அன்று ரெஸில்மேனியா 12 இன் இலவச முன்நிகழ்ச்சியில் அந்த இரண்டு போலிகளையும் மோதவிட்டார்கள்.

இலாபம் மெக்மாஹனுக்குப் போகவில்லை. அவர் இளைஞர் கூட்டம் என்று காட்டியவர்களில் ரேசர் ரமோனும் டீசலும் முக்கியமானவர்கள். அந்த வேடங்களைப் போட்ட ஸ்கொட் ஹோலும் கெவின் நேஷும் மே, ஜூன் மாதங்களில் நைட்ரோவில் போய் நின்றார்கள். ஜூலை 7 இல் 'கிழவன்' ஹோகன் வில்லனாகி அவர்களோடு சேர, என்.டபிள்யூ.ஓ (புதிய உலக அணி) என்ற வில்லன் குழு பிறந்தது. அந்த ஜூனில் தொடங்கி 1998 ஏப்ரல் வரை 83 வாரம் தொடர்ச்சியாக நைட்ரோதான் பார்வையாளர் கணக்கில் முன்னுக்கு நின்றது. எதிராளிக்கு வயதாகிவிட்டது என்று சிரித்தால், அவர் புது வேடத்தில் வந்து நிற்கும் நாளில் சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. மேலும், எதிர்க் கம்பனியைப் பற்றித் தன் நிகழ்ச்சியிலேயே வாராவாரம் பேசினால், அதை அறியாதவனும் போய்ப் பார்ப்பான்.

1999 ஜனவரி 4 இல் இதே தவறை நைட்ரோ செய்தது. அன்றைய ரோ முன்கூட்டியே பதிவானது. அதில் மிக் ஃபோலி என்ற வீரர் சாம்பியன் ஆகப்போகிறார் என்பதை வர்ணனையாளர் டோனி ஷியவோனி நேரலையிலேயே சொல்லி, இதற்கா ஆட்கள் கூடுவார்கள் என்ற தொனியில் ஏளனம் செய்தார். ஃபோலி வெல்வதைப் பார்க்கச் சனம் அந்தப் பக்கம் திரும்பியது. அன்றைய கணக்கு: ரோ 5.7, நைட்ரோ 5.0.

கேள்வி: கில்பேர்க்கை இன்றைக்கும் நினைத்துச் சிரிக்கிறோம். போலி டீசலை எல்லோரும் திட்டுகிறார்கள். இரண்டும் போலிதானே?
– வாசகி, கிண்ணியா

பதில்: கில்பேர்க் உண்மையான பகிடி. மற்றது ஆள்மாறாட்டம். 1996 செப்டெம்பரில் டபிள்யூ.டபிள்யூ.எவ் வர்ணனையாளர் ஜிம் ரோஸ், ரேசர் ரமோனும் டீசலும் திரும்பி வருகிறார்கள் என்று ஆசை காட்டினார். வந்தவர்கள் அதே உடுப்பில் வேறு இரண்டு பேர். சிரிக்க வேண்டிய இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை, ஏமாந்த கோபம்தான் மிஞ்சியது. போலி டீசலாக வந்த கிளென் ஜேக்கப்ஸ்தான் அடுத்த ஆண்டு 'கேன்' என்ற பெயர்பெற்ற வீரர் ஆனார். ஆளில் குறை இல்லை, கொடுத்த வேலை பிழை.

டபிள்யூ.சி.டபிள்யூ வீரர் கோல்ட்பேர்க்கின் வருகையை நினைத்துப் பாருங்கள்: உடைமாற்றும் அறையிலிருந்து காவலர் சூழ நடப்பார், தீப்பொறி மழைக்குள் நிற்பார், மூக்கால் புகை விடுவார், அரங்கம் முழுக்க அவர் பெயர். 173 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை என்று கணக்குச் சொன்னார்கள். டபிள்யூ.டபிள்யூ.எவ் ட்வேன் கில் என்ற, தோற்பதையே தொழிலாகக் கொண்ட சிறிய உடம்புக்காரரை 'கில்பேர்க்' என்ற பெயரில் மொட்டையோடு அதே மாதிரி நடக்கவிட்டது. பொறி மழைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஆட்கள் கை மத்தாப்போடு நின்றார்கள். கோஷம் ஒலிநாடாவில் வந்தது. 'அடுத்தது யார்?' என்ற கோல்ட்பேர்க்கின் கேள்வி 'முதலாவது யார்?' ஆனது, ஏனென்றால் கில்பேர்க்கின் கதையே தொடர் தோல்விதான்! நக்கல் முழுவதும் கம்பனி கட்டிய ஆடம்பரத்தின் மேல்தான் விழுந்தது. கோல்ட்பேர்க் என்ற மனிதனின் மேல் ஒரு கீறலும் இல்லை. இந்த வகையில் இதைவிட நேர்த்தியாக யாரும் செய்ததில்லை என்பதே எமது முடிவு.

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழக ஆண்டு விழாவில் எதிர்க் கழகத்தை இப்படி நக்கலடித்து ஒரு நாடகம் போட ஆசை. மேடை கடற்கரையில். எதைக் கவனிக்க வேண்டும்?
– இளைஞர் ஒருவர், உப்புவெளி

பதில்: நான்கு நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம். வருகைக்கு ஒரு நிமிடம், பேச்சுக்கு ஒன்றரை, மிச்சம் மோதலும் விழுதலும். எதிர்க் கழகத் தலைவரிடம் மூன்று விடயம் மட்டும் எடுங்கள்: ஒரு நடை, அடிக்கடி சொல்லும் ஒரு வசனம், கையில் எப்போதும் இருக்கும் ஒரு பொருள். மைதானத்தில் சனம் கண்டு பழகியதாக இருக்க வேண்டும். உங்கள் அணிக்குள் மட்டும் தெரிந்த கதையைப் போட்டால் முதல் வரிசை சிரிக்கும், பின்வரிசை கச்சான் கொறிக்கும்.

கோஷத்தை முதலே பதிந்து வையுங்கள். மூடிய அறைக்குள் பத்துப் பேர், போன் ஒரு மீற்றர் தள்ளி, முப்பது விநாடி போதும். மேடையில் அதை அளவுக்கு மிஞ்சிய சத்தத்தில் விட வேண்டும். உண்மைக் கூட்டத்தின் சத்தத்தோடு ஒத்துப்போனால் அது நிசக் கோஷம் என்று நினைத்துவிடுவார்கள், பகிடி செத்துவிடும். வீரர் இரண்டு கையையும் விரித்து நிற்கும்போது ஒலியைச் சட்டென்று வெட்டுங்கள். ஒலிக்காரர் கைச் சைகை பார்த்து வெட்டப் பழக வேண்டும். சிரிப்பு அந்த வெட்டில்தான் இருக்கிறது, ஒரு விநாடி பிந்தினாலும் போய்விடும்.

விழா கச்சான் காற்றுக் காலத்தில் என்றால் மைக்கில் காற்று இரையும். பஞ்சு உறை போடுங்கள், மேடையைக் காற்றுக்கு முதுகு காட்டி அமையுங்கள். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் நாடிக்குக் கீழே நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் மூச்சு இடிக்காது.

மத்தாப்பு வைப்பதானால் நான்கு பேர் போதும். வீரரிடமிருந்து ஒன்றரை மீற்றராவது தள்ளி, பொறி அவர் பக்கம் பறக்காதபடி நிற்க வேண்டும். நைலோன் பொய்முடி, துவாய், பதாகை ஒன்றும் கிட்ட இருக்கக் கூடாது. காற்றில் பற்றவைக்க நேரம் எடுக்கும், ஆகவே பெயர் கூப்பிட முன்னரே மறைவில் தொடங்குங்கள். அணைந்த கம்பி சுடும், ஈர மணல் வாளி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பலகை மேடையில் தூக்கி அடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஒரு தள்ளில் குந்தினாலே சனம் சிரிக்கும்.

அதைவிட முக்கியம், அவர்களுக்கும் பதில் சொல்ல இரண்டு நிமிடம் மேடையில் கொடுங்கள். 1997 ஓகஸ்டில் டபிள்யூ.சி.டபிள்யூ வீரர் ஆர்ன் அண்டர்சன் கழுத்துக் காயத்தால் ஓய்வை அறிவித்துக் கண்கலங்கப் பேசினார். மறு வாரமே என்.டபிள்யூ.ஓ அந்தப் பேச்சை அப்படியே நடித்து, கழுத்துப் பட்டியும் போட்டுக் கேலி செய்தது. அதன்பின் நடந்த மோதலிலும் அண்டர்சனின் ஃபோர் ஹோர்ஸ்மென் அணிதான் தோற்றது. பழி தீர்க்கும் காட்சி இல்லாததால், பார்த்தவர்களுக்கு அது கசந்தது.

கேள்வி: எதைத் தொடவே கூடாது?
– வாசகர், மூதூர்

பதில்: நோயை. 1999 இன் கடைசியில் டபிள்யூ.சி.டபிள்யூ 'ஒக்லஹோமா' என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தது. கறுப்புத் தொப்பியோடு ஜிம் ரோஸைப் போலப் பேசும் வேடம். ரோஸுக்கு முகவாதம், ஒரு பக்க முகம் இயங்காது. நடித்தவர் வாயைக் கோணி அதையே காட்டினார். அது இழிவான வேலை. ஊர்ப் பேச்சு, மதம், குடும்பம் இவற்றையும் இதே பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: டி.எக்ஸ் குழு டாங்கியில் போய் நைட்ரோவைத் தாக்கியது உண்மையா?
– மாணவர், சாம்பல்தீவு

பதில்: டபிள்யூ.டபிள்யூ.எவ்வின் டி.எக்ஸ் குழு போனது உண்மை, ஆனால் டாங்கி இல்லை, பீரங்கி பொருத்திய இராணுவ ஜீப். 1998 ஏப்ரல் 27 அன்று ரோ அமெரிக்காவின் ஹம்ப்டன் நகரில், நைட்ரோ நோஃபோக் நகரில். கொட்டியாற்றுக் குடாவுக்கு இந்தப் பக்கம் திருகோணமலை, அந்தப் பக்கம் மூதூர் இருப்பதுபோல நடுவில் தண்ணீர்தான். அரங்க வாசல்வரை போனார்கள், உள்ளே விடவில்லை.

கேள்வி: இப்படி நடிப்பதற்கு வழக்கு வராதா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: வந்தது. 1996 இல் ஸ்கொட் ஹோல் நைட்ரோவில் ரேசர் ரமோனின் பேச்சு நடையோடு, டபிள்யூ.டபிள்யூ.எவ் அனுப்பிய ஆள் போல வந்து நின்றதால் அந்தக் கம்பனி வழக்குப் போட்டது. பார்ப்பவர் இது யாருடைய ஆள் என்று குழம்பினால் சிக்கல். 'ஹக்ஸ்டர்' என்று பெயரைத் திரித்தால் குழப்பம் இல்லை. ஈ.சி.டபிள்யூ என்ற சிறிய கம்பனி 1996 நவம்பரில் என்.டபிள்யூ.ஓவை ஒரே எழுத்து மாற்றி 'பி.டபிள்யூ.ஓ' ஆக்கியது: நீல உலக அணி. உப்புவெளி இளைஞருக்கும் அந்த வழி பொருந்தும். எதிர்க் கழகச் சின்னத்தை அப்படியே அச்சடிக்காமல் ஓர் எழுத்தையும் நிறத்தையும் மாற்றி ஜேர்சி அடியுங்கள்.