மாமரத்தடி பெஞ்சும் மொட்டைமாடி நாற்காலியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோட்டத்து மாமரத்தடியில் ஐந்தடி தேக்கு பெஞ்சு போட்டிருக்கிறோம். போன வருடம் அடித்த வார்னிஷ் தோல் தோலாக உரிகிறது. மேலே கருப்பாக ஏதோ படிந்திருக்கிறது. மறுபடியும் வார்னிஷ் அடிக்கலாமா?
(வாசகர், போச்சம்பள்ளி)

பதில்: வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கான வார்னிஷ் வெயிலில் இறுகி நொறுங்கும். மரமோ மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வார்னிஷ் வெடிக்க, தண்ணீர் உள்ளே இறங்கி அடியிலிருந்து உரித்துத் தள்ளிவிடும்.

கருப்புப் படிவுக்கு மாமரம்தான் காரணம். மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்பான பிசின் பெஞ்சில் சொட்டும், அதன்மேல் பூசணம் பிடிக்கும். சோப்புத் தண்ணீரும் நார் பிரஷும் போதும். அமிலம் ஊற்ற வேண்டாம்.

கழுவிக் காய்ந்தபின் 80 நம்பர் உப்புத்தாளால் பழைய வார்னிஷை முழுக்க எடுங்கள். அடுத்து 120, கடைசியாக 180. மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். மூன்று நான்கு நாள் நன்றாகக் காய விட்டு, நிழலில் வைத்து எண்ணெய் கொடுங்கள். பெயிண்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேட்டு வாங்குங்கள். பச்சை ஆளிவிதை எண்ணெய் நாள்கணக்கில் காயாது. முதல் பூச்சுக்கு 200 மில்லி எண்ணெயில் 200 மில்லி டர்பன்டைன். இருபது நிமிடம் கழித்து, மரம் குடிக்காத எண்ணெயைத் துணியால் ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்து, தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு பூச்சு, டர்பன்டைனைக் குறைத்து. வருடம் ஒருமுறை, ஆடி பிறக்கும் முன் ஒரு பூச்சு கொடுத்தால் போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

பெஞ்சுக் கால் மண்ணில் நிற்க வேண்டாம். வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும், கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். நான்கு காலுக்கும் கல் வையுங்கள்.

கேள்வி: வாசலில் இரும்புப் பைப் ஊஞ்சல். வருடா வருடம் பெயிண்ட் அடித்தும் கால் பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. ஏன்?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: பைப்பின் உள்ளே தண்ணீர் நிற்கிறது. மேல்முனை திறந்திருந்தாலும் வெல்டிங்கில் ஊசித்துளை இருந்தாலும் மழைநீர் இறங்கிக் காலடியில் தேங்கும். வெளியே எத்தனை கோட்டு அடித்தாலும் துரு உள்ளிருந்தே தின்னும். மேல்முனைக்கு மூடி போட்டு வெல்டிங் செய்யுங்கள், ஊசித்துளைகளை எம்-சீல் வைத்து அடையுங்கள். காலின் அடியில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டால் மீறி இறங்கும் தண்ணீர் வடிந்துவிடும். ஓட்டை விழுந்த துண்டை அறுத்துப் புதுப் பைப் வைப்பதே சரி. ஆள் உட்கார்ந்து ஆடுகிற சாமான், பட்டி பார்த்து மறைக்கிற வேலை இதில் கூடாது.

பெயிண்டுக்கு முன் கம்பி பிரஷ், எமரி பேப்பர், பிறகு தின்னர் நனைத்த துணி. தேய்த்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ஓர் இரவு பனி பட்டாலே மறுபடி செம்மை படரும். பிரைமர் காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட்டு, நடுவே ஓர் இரவு இடைவெளி. உச்சிவெயிலில் கொதிக்கும் இரும்பில் அடித்தால் கொப்புளம் வரும்.

கேள்வி: மொட்டைமாடி பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளுத்து, தொட்டால் மாவாக ஒட்டுகிறது. பெயிண்ட் அடிக்கலாமா? மற்ற சாமான்களைத் தார்ப்பாயால் மூடலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: மாவு ஒட்டுகிறதென்றால் வெயிலின் புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கைச் சிதைத்துவிட்டது. பெயிண்ட் அதில் நிற்காது, பலமும் திரும்பாது. காலில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பெரியவர்களை உட்கார விடாமல் தூக்கிப் போடுங்கள்.

தார்ப்பாயை மரச்சாமானோடு ஒட்டக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஓசூர் பனிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நாலு விரல் இடைவெளி விட்டு, தண்ணீர் வழிய ஒரு பக்கம் சாய்வாகக் கட்டி, அடிப்பக்கம் காற்றுக்குத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: கிரானைட் பெஞ்சில் எண்ணெய்க் கறை. ஆசிட் போடலாமா?
(வாசகர், பர்கூர்)

பதில்: ஆசிட் எண்ணெயை எடுக்காது, இணைப்பில் உள்ள சிமெண்டைத்தான் அரிக்கும். சாக்பீஸ் தூளில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கெட்டியாக அரை அங்குலம் அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும்.