மொன்றியலில் வீதியோரம் கார் விடுபவர்கள் பனிக்காலத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஜூலையில் மொன்றியலுக்குக் குடிவந்து, சொந்தத் தரிப்பிடம் இல்லாத மாடிவீடொன்றில் இருக்கும் ஒருவர், பனி கொட்டும் மாதங்களில் காரை எங்கே விடுவது, பனியை யார் அள்ளுவது, அயலவரோடு மனக்கசப்பு வராமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அப்படியான ஒரு வீட்டில் பல குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். இதைத் தனி ஆளாக யாராலும் சமாளிக்க முடியாது. ஒரு வீதியில் இருப்பவர்கள் ஒருவர் காரை மற்றவர் கவனித்துக்கொண்டால் மட்டுமே தொல்லையின்றி மார்ச் மாதத்தைக் காணலாம் என்பதே என் பதில்.

மாநகர சபை பனியை எப்படி அகற்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அயலவரின் ஏற்பாடுகள் எல்லாம் அந்த வேலையின் ஒழுங்கைச் சுற்றியே அமைகின்றன. இந்நகரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் பனி பெய்கிறது. வீதிகளும் நடைபாதைகளுமாகச் சுமார் 10,000 கிலோமீட்டர் தூரத்தைத் துப்புரவாக்க வேண்டியிருக்கிறது. பனி 2.5 சென்டிமீட்டர் அளவில் சேர்ந்ததும் தள்ளும் வண்டிகள் புறப்பட்டு அதை வீதியின் ஓரத்துக்கு ஒதுக்கும். வழுக்காமல் இருக்க உப்புத் தூவுவார்கள்; குளிர் மிகவும் இறங்கிவிட்டால் உப்பு பனியை உருக்காது என்பதால் பொடிக்கல் தூவுவார்கள். இந்தக் கட்டத்தில் உங்கள் காரை நகர்த்தும்படி யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்ட பனி முழுவதும் உங்கள் காரின் பக்கவாட்டில்தான் மதிலாக எழுந்து நிற்கும். பனி 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை சேர்ந்த பிறகே, குவிந்ததை அள்ளி லொறிகளில் ஏற்றிச் செல்லும் பெரிய வேலை தொடங்குகிறது. ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 3 இலட்சம் லொறிச் சுமை பனி இப்படி வெளியேற்றப்படுகிறது. அதில் பெரிய பங்கொன்று சென் மிஷேல் பகுதியில் உள்ள பிராங்கோன் என்னும் பழைய கற்குழியில் கொட்டப்படுகிறது. அங்கே மலையாகக் குவியும் பனி கோடை முழுவதும் வெயிலில் கிடந்தும் உருகித் தீராத ஆண்டுகள் உண்டு.

உங்களுக்குச் சிக்கல் வருவது அந்த ஏற்றும் வேலையின்போதுதான். வேலை தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பாக, வீதியோரப் பனிக்குவியலில் செம்மஞ்சள் நிறப் பலகைகளை ஊன்றிச் செல்வார்கள். காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை, அல்லது மாலை 7 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி வரை அந்தப் பக்கத்தில் கார் நிற்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பகலிலும் மறு பக்கத்தை இரவிலும் அள்ளுவார்கள். குறித்த நேரத்துக்குப் பின் இழுவை வண்டி இரண்டு சுரத்தில் மாறி மாறி ஒலிக்கும் சைரனுடன் வீதியில் மெதுவாக வரும். அது கடைசி எச்சரிக்கை. அதற்கும் எடுக்காத காரைத் தூக்கி அருகில் உள்ள வேறொரு வீதியில் விட்டுவிடுவார்கள். அபராதச் சீட்டும் இழுத்த செலவும் உங்களுடையவை. நீங்கள் குடியிருப்பாளருக்கான தரிப்பு அனுமதி வாங்கியிருந்தாலும் செம்மஞ்சள் பலகைக்கு முன்னால் அது செல்லாது. இன்ஃபோ நெஜ் என்ற மாநகர சபையின் செயலியில் உங்கள் வீதி எப்போது அள்ளப்படவிருக்கிறது, எந்த வீதி அள்ளி முடிந்துவிட்டது என்பவற்றைப் பார்க்கலாம், காரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எங்கே விட்டிருக்கிறார்கள் என்பதையும் மாநகர சபையின் இணையத்தளத்தில் தேடலாம். அள்ளும் நாட்களின் இரவில் இலவசமாகக் கார் விடக்கூடிய தரிப்பிடங்களையும் மாநகர சபை திறந்துவைக்கிறது. உங்கள் வீட்டுக்கு அண்மையில் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகும் கார்கள் ஏன் அகப்படுகின்றன என்றால், இந்தப் பகுதியில் வாழும் நம்மவர் பலரும் ஏனைய குடியேறிகளும் செய்யும் வேலை அப்படிப்பட்டது. இரவு முழுவதும் தொழிற்சாலையிலோ உணவகத்திலோ நின்றுவிட்டு அதிகாலையில் வந்து படுப்பவருக்குக் காலை எட்டு மணிச் சைரன் கேட்பதில்லை. பேருந்தில் வேலைக்குப் போய்விட்டவரின் கார் பகல் முழுவதும் வீட்டு வாசலில் நிற்கிறது. பலகை ஊன்றப்பட்டபோது அவர் அங்கே இல்லை. இது அவருடைய கவலை மட்டுமே என்று எண்ணுவது தவறு. இழுவை வண்டி எல்லாக் காரையும் தூக்கிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவசரத்தில் ஒன்றிரண்டை அப்படியே விட்டுவிட்டு, பனி ஏற்றும் இயந்திரம் வளைந்து போய்விடுவதும் உண்டு. அப்போது அந்தக் காரைச் சுற்றி நின்ற பனி அங்கேயே கிடந்து, இறுகி, அடுத்தடுத்த பனியையும் சேர்த்துக்கொண்டு கற்பாறையாகிவிடும். இரண்டு கார் நிற்கும் இடம் அந்த வீதிக்குக் குளிர்காலம் முடியும் வரை இல்லாமற் போய்விடும். வீதியில் எல்லோரும் இடத்துக்கு அலைவது அதன் பிறகுதான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் காரை நேரத்துக்கு எடுக்கவைப்பது அவருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. உங்களுக்கு நாளை இடம் கிடைப்பதும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் வீதியில் இதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கிரேக்க மூதாட்டி ஒருவர், பஞ்சாபி டாக்சி சாரதி ஒருவர், வங்காளிக் குடும்பங்கள், எங்கள் ஆட்கள் என்று பல மொழிக்காரரும் அதில் இருக்கிறார்கள். செம்மஞ்சள் பலகையை யார் முதலில் கண்டாலும் படம் எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்பது மட்டுமே அதன் விதி. எந்த மொழியிலும் விளக்கம் தேவையில்லை. இரவு வேலைக்காரர்கள் சிலர் காரின் மாற்றுச் சாவியை நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் இருக்கும் அக்கா காலையில், "தம்பி, நித்திரையைக் குழப்பாதேங்கோ, உங்கட காரை நான் அங்கால பக்கம் விட்டிட்டன்" என்று குரல் பதிவு அனுப்பிவிட்டு வேலைக்குப் போவார். இப்படிச் சாவி கொடுப்பதற்கு முன்னர், வேறொருவர் ஓட்டும்போது உங்கள் வாகனக் காப்புறுதி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைக் காப்புறுதி முகவரிடம் கேட்டு அறிந்துகொள்வது நல்லது. சாவி கொடுக்கத் தயங்குபவர்களும் தொலைபேசி எண்ணையாவது கொடுக்கிறார்கள். கதவைத் தட்டி எழுப்ப அனுமதி தருகிறார்கள். அது போதும்.

இனி, வெட்டி எடுத்த இடம் யாருடையது என்ற கேள்வி. ஒரு மணி நேரம் முதுகு நோகப் பனியை வெட்டிக் காரை வெளியே எடுத்தவர் மாலையில் திரும்பும்போது அந்த இடத்தில் வேறொரு கார் நின்றால் எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இப்படி வெட்டிய இடத்தில் நாற்காலியோ குப்பைத் தொட்டியோ வைத்துப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருப்பதால், பனி அவசரநிலை முடிந்து 48 மணி நேரம் வரை அங்கே அதை அனுமதிக்கிறார்கள். மொன்றியலில் அந்த உரிமை கிடையாது. வீதி பொதுச்சொத்து, அதில் பொருளை வைத்து இடம் பிடிக்க முடியாது. இந்த நிலைப்பாடே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாற்காலி வைக்கத் தொடங்கினால் அதை எடுத்து எறிபவர் வருவார், பின்னர் காரில் கீறுபவர் வருவார்; வீதி இரண்டாகப் பிளந்துவிடும். அதற்கு மாற்றாக எங்களிடம் ஒரு நடைமுறை வளர்ந்திருக்கிறது. பெரும் பனி நின்ற மறுநாள், வேலைக்குப் போகாதவர்கள் சேர்ந்து வரிசையாக ஒரு பக்கம் முழுவதையும் வெட்டுகிறார்கள். எல்லா இடமும் எல்லோராலும் வெட்டப்பட்டது என்றாகிவிட்டால் யார் எதில் விட்டாலும் மனம் அவ்வளவாக நோவதில்லை. உங்கள் காரைச் சுற்றி அள்ளிய பனியை நடுவீதியில் எறிவது சட்டப்படி குற்றம் என்பதையும், முன்னால் நிற்கும் காரின் சக்கரத்தடியில் எறிவது அதைவிட மோசமான அயலுறவு என்பதையும் நினைவில் வையுங்கள். நடைபாதைக்கும் வீதிக்கும் இடையில் உள்ள குவியலின் மேல் போட்டால், ஏற்றும் இயந்திரம் வரும்போது அது போய்விடும்.

அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. பனியை அரைத்து உயரமான குழாய் வழியாக லொறிக்குள் வீசும் அந்த இயந்திரத்தை 1925 இல் உருவாக்கியவர் இதே மண்ணைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் என்பவர். 1927 இல் அதை முதலில் வாங்கியது, அப்போது தனி நகராக இருந்த ஊட்ரமோன். பிள்ளைகளைச் சன்னலுக்கு அழைத்து அது வேலை செய்வதைக் காட்டுங்கள். முதற் குளிர்காலத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சி அது.

வீட்டுப் படிகளைப் பொறுத்தவரை, மொன்றியலின் பழைய மாடிவீடுகளுக்குப் படிக்கட்டு வெளியில்தான் இருக்கிறது, அதுவும் வளைந்த இரும்புப் படியாக இருப்பது வழக்கம். அதில் உறைந்த பனி எலும்பை முறித்துவிடும். யார் அதைத் துப்புரவாக்குவது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டிய வாடகை ஒப்பந்தப் படிவத்திலேயே, தரிப்பிடம், நுழைவழி, படி, பல்கனி ஒவ்வொன்றிலும் பனி அகற்றும் பொறுப்பு வீட்டுக்காரருடையதா வாடகைக்காரருடையதா என்று குறிக்கும் பகுதி இருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூலை 1 இல் தொடங்குவதால், வெயிலில் வியர்த்தபடி கையெழுத்திடும் எவரும் அந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை. நீங்கள் கையெழுத்திட்டதை எடுத்து இன்றே வாசியுங்கள். பின்பக்க வழியையும் மறக்க வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அது. வீதியில் உள்ள தீயணைப்பு நீர்க்குழாயைச் சுற்றிய பனியை யாராவது வெட்டிவிட வேண்டும்; அதிலிருந்து 3 மீட்டருக்குள் கார் விடக் கூடாது என்பதும் சட்டம், பனி மூடிக் கண்ணுக்குத் தெரியவில்லை என்ற காரணம் எடுபடாது.

உடலைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் உயிர்கள் போகின்றன. 1981 முதல் 2014 வரை கியூபெக்கில் பதிவான மாரடைப்புகளை ஆராய்ந்து 2017 இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு, கடும் பனி பெய்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் வரும் இறப்பும் கூடுவதைக் காட்டியது. தெற்காசியருக்கு இதயநோய் இளவயதிலேயே வரும் இயல்பு இருக்கிறது. நீரிழிவும் நம் வீடுகளில் குறைவில்லை. நாற்பதைக் கடந்தவர், படுக்கையிலிருந்து எழுந்த கையோடு வெறும் வயிற்றில் போய் ஈரப்பனியைத் தூக்கி எறியக் கூடாது. பனி அள்ளும் சவளில் பாதியளவு அள்ளுங்கள், தூக்குவதைவிடத் தள்ளுங்கள், இடையிடையே நில்லுங்கள். நெஞ்சிலோ கையிலோ தாடையிலோ வலி தெரிந்தால் சவளைப் போட்டுவிட்டு 911 ஐ அழையுங்கள். இதயநோய் உள்ள அயலவர் யார் என்று தெரிந்தால் அவர் எழுவதற்கு முன் அவருடைய வாசலை வெட்டிவிடுங்கள். காரை இயக்குவதற்கு முன் பின்னால் உள்ள புகைக்குழாயைச் சுற்றிய பனியை எடுத்துவிடுவதும் இதற்கு நிகரான கட்டாயம். குழாய் அடைபட்ட காருக்குள் குழந்தையைச் சூடாக இருக்கட்டும் என்று உட்காரவைத்துவிட்டு வெளியே பனி அள்ளுவது, மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட்டு நச்சுக்குள் பிள்ளையை அடைத்துவைப்பதாகும்.

2025 பெப்ரவரி நடுவில் நான்கு நாட்களுக்குள் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து 70 சென்டிமீட்டருக்கு மேல் பனியைக் கொட்டின. மாநகர சபை பெருவீதிகளையும் மருத்துவமனை, பாடசாலைச் சூழலையும் முதலில் கவனிக்க வேண்டியிருந்ததால், எங்களைப் போன்ற குடியிருப்பு வீதிகள் நாட்கணக்கில் காத்திருந்தன. கார்கள் மேடுகளாகத் தெரிந்தன. நடைபாதை ஓர் ஆள் போகும் வாய்க்காலாக ஒடுங்கியது. வீட்டுக்கு வீடு யாருக்கு மருந்து வேண்டும், யாருக்குப் பால் வேண்டும் என்று குழுவில் கேட்டு, டாக்சி அண்ணையின் கார் வெளிவரும் அளவுக்கு ஒரு வழியை எல்லோரும் சேர்ந்து முதலில் வெட்டினோம், ஏனென்றால் அவருடைய அன்றாட வருமானம் அதில் இருந்தது, அவசரத்துக்கு மருத்துவமனைக்குப் போவதற்கும் அது உதவியது. முன்பே எண்களைப் பரிமாறியிருக்காவிட்டால் அந்த வாரத்தில் அதைச் செய்திருக்க முடியாது.

உங்கள் நிலைமையில் நான் நவம்பர் பிறப்பதற்குள் இரு பக்கத்து வீடுகளிலும் மேல் கீழ் மாடிகளிலும் கதவைத் தட்டி எண் வாங்கியிருப்பேன். குளிர்கால டயர் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் கட்டாயம். கடைசி வாரத்தில் போனால் டயர் மாற்றும் இடங்களில் நேரம் கிடைக்காது, ஒக்டோபரிலேயே முன்பதிவு செய்யுங்கள். நீளப் பிடியுள்ள பனித்தூரிகை, சிறிய சவள், சக்கரம் சுழன்று நிற்கும்போது தூவ ஒரு பை மணல் ஆகியவற்றைக் காருக்குள்ளேயே வையுங்கள். கண்ணாடியில் மட்டுமன்றிக் கூரையில் உள்ள பனியையும் முழுவதும் தள்ளிவிட்டே புறப்படுங்கள். ஓடும்போது அது பின்னால் வருபவர் மீது விழும், அதற்கும் அபராதம் உண்டு. கார் வீட்டுவாசலில் நிற்க வேண்டிய தேவை உங்களுக்கு உண்மையில் இல்லையென்றால், மெட்ரோவும் பேருந்தும் எட்டும் தூரத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் முதற் குளிர்காலத்தைக் கார் இல்லாமல் கழித்துப் பார்ப்பதும் நல்ல முடிவுதான். என் வீதியில் இளம் குடும்பங்கள் சில அப்படித்தான் இருக்கின்றன.