பொண்ணுங்களையும் கட்டாயமா ராணுவத்துக்கு கூப்பிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டென்மார்க்ல இனிமே பொண்ணுங்களுக்கும் ராணுவம் கட்டாயம்னு நியூஸ்ல பாத்தேன். இதை சமத்துவம்னு சந்தோஷப்படணுமா, இல்ல பயப்படணுமா? சுத்தி வளைக்காம உங்க கருத்தை சொல்லுங்க.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நேராவே சொல்றேன்மா. ஒரு நாட்டுல கட்டாய ராணுவ சேவைன்னு ஒண்ணு இருந்தா அதுல ஆம்பளைப் பசங்களை மட்டும் இழுத்துட்டு போயிட்டு பொண்ணுங்களை விடுறதுக்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம் தான் இருக்கணும். ஆனா இதோட இன்னொண்ணையும் சேத்தே சொல்லணும். ராணுவத்துல தானா சேர்ற பொண்ணுக்கு, அந்த இடம் சரியில்லன்னு கேள்விப்பட்டா போகாம இருந்துக்க வழி இருக்கு. கட்டாயமா கூப்பிட்ட பொண்ணுக்கு அந்த வழியே கிடையாது, போகலன்னா அபராதம், ஜெயில். அதனால கட்டாயப்படுத்துற அரசுக்கு பொறுப்பு பல மடங்கு கூடுது, அந்தப் பொறுப்பை எடுக்க தயாரா இல்லாத அரசு கட்டாயம்ங்கற பேச்சையே எடுக்கக் கூடாது, ஆம்பளைங்க விஷயத்துலயும் தான்.

டென்மார்க் என்ன பண்ணிருக்குன்னா, 2025 ஜூலை 1-க்கு அப்புறம் 18 வயசு முடியற பொண்ணுங்களும் இனி ஆம்பளைப் பசங்க மாதிரியே ராணுவத் தகுதி சோதனை நாளுக்கு வரணும், குலுக்கல்ல நம்பர் எடுக்கணும். தானா வர்றவங்களை முதல்ல எடுப்பாங்க, ஆள் பத்தலன்னா தான் குலுக்கல். 4 மாசமா இருந்த சேவையை 11 மாசமா நீட்டிருக்காங்க. ஏற்கனவே 2024-ல சேவை பண்ண சுமார் 4,700 பேர்ல நாலுல ஒரு பங்கு பொண்ணுங்க தான், அவங்க எல்லாரும் தானா வந்தவங்க. உக்ரைன் போர் ஆரம்பிச்சதுல இருந்து ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்கு ஆள் பத்தல, இந்த மாற்றத்துக்கு பெரிய காரணம் அது தான், அதை மறைச்சுட்டு சமத்துவம் சமத்துவம்னு மட்டும் பேசறது சரியில்ல. ஆள் தேவைக்காக வந்த சட்டமா இருந்தாலும் சட்டம் நியாயமா இருந்தா நான் ஆதரிப்பேன்.

கேள்வி: உடம்பு வலுன்னு ஒண்ணு இருக்கே சார்? 30 கிலோ மூட்டையை தூக்கிட்டு 20 கிலோமீட்டர் நடக்கறது எல்லா பொண்ணாலயும் முடியுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: எல்லா ஆம்பளையாலயும் முடியுமா? முடியாது, அதனால தான எல்லா நாட்டுலயும் தேர்வு வைக்கறாங்க. நார்வேல 2013 ஜூன்ல பார்லிமெண்ட் முடிவு பண்ணி, 2015-ல இருந்து சட்டம் அமலுக்கு வந்தது, 1997-ல பொறந்த பொண்ணுங்க தான் முதல் பேட்ச். ஒவ்வொரு வருஷமும் ஒரு வயசுக்காரங்க சுமார் 60,000 பேர் இருப்பாங்க, ஆம்பளை பொண்ணு எல்லாரும் கேள்வித்தாளை நிரப்பணும், அதுல இருந்து உடம்பு, அறிவு, விருப்பம் எல்லாத்தையும் பாத்து கடைசியில ஏறக்குறைய ஆறுல ஒருத்தரை தான் எடுக்கறாங்க. எடுக்கறவங்கள்ல இப்ப மூணுல ஒருத்தர் பொண்ணு. விருப்பத்தையும் கணக்குல எடுக்கறதால, சட்டப்படி கட்டாயமா இருந்தாலும் நடைமுறையில பிடிக்காதவங்களை இழுக்கறது ரொம்ப கம்மி.

இன்னொண்ணு, ராணுவம்னாலே மூட்டை தூக்கறது இல்ல. ராடார், சிக்னல், ட்ரோன், கம்ப்யூட்டர் பாதுகாப்பு, ஆஸ்பத்திரி, சரக்கு கணக்கு எல்லாமே ராணுவம் தான். உக்ரைன்ல 2023 அக்டோபர்ல இருந்து மருத்துவம், பார்மசி படிச்ச பொண்ணுங்க ராணுவப் பதிவுல பேர் கொடுக்கணும்னு வச்சிருக்காங்க, ஏன்னா போர்ல அவங்க இல்லாம முடியாது.

அமெரிக்காவுல இந்த வாதம் கோர்ட்டுக்கே போயிருக்கு. 1981-ல ராஸ்ட்கர் வழக்குல சுப்ரீம் கோர்ட், பொண்ணுங்களுக்கு போர்முனையில அனுமதி இல்ல, அதனால கட்டாய ராணுவ சேவைக்கான பதிவும் வேண்டாம்னு சொல்லிடுச்சு. அந்தப் போர்முனைத் தடையை அரசாங்கமே 2013-ல எடுத்துடுச்சு. காரணம் போச்சு, தீர்ப்பு மட்டும் அப்படியே நிக்குது, 2021-ல மறுபடி வழக்கு வந்தப்போ சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கவே இல்ல, பார்லிமெண்ட் பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. இன்னைக்கும் அங்க அந்தப் பதிவு ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும் தான்.

கேள்வி: நான் சிங்கப்பூர்ல ரெண்டு வருஷம் என்.எஸ். (கட்டாய தேசிய சேவை) முடிச்சவன். அதே ரெண்டு வருஷத்துல என் கூட படிச்ச பொண்ணுங்க எல்லாம் டிகிரில பாதி தாண்டிட்டாங்க. இதை வெளிய சொன்னா நீ பொண்ணுங்களுக்கு எதிரின்னு சொல்றாங்க. எனக்கு வருத்தம் வரக்கூடாதா?
– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தாராளமா வரலாம் தம்பி, அதுல எந்தத் தப்பும் இல்ல. 1967-ல இருந்து உங்க ஊர்ப் பசங்க இப்படி வருஷங்களை கொடுத்துட்டு தான் இருக்காங்க, அதுக்கப்புறமும் ரிசர்விஸ்ட்னு மறுபடி மறுபடி பயிற்சிக்கு கூப்பிடுறாங்க, அது சின்ன விஷயம் இல்ல. 2022-ல அப்போ இருந்த பாதுகாப்பு அமைச்சர் இங் எங் ஹென் பார்லிமெண்ட்ல, பொண்ணுங்களையும் கட்டாயமா எடுத்தா சமூகத்துக்கு ஆகற இழப்பு பலனை விட அதிகம்னு பதில் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு சரியா படல. பொண்ணு ரெண்டு வருஷம் போனா இழப்புன்னா பையன் ரெண்டு வருஷம் போறதும் அதே இழப்பு தான, அதை இத்தனை வருஷமா ஒரு பக்கம் மட்டும் தாங்கிட்டு இருக்கு.

ஆனா இந்த வருத்தம் கோவமா மாறி பொண்ணுங்க மேல திரும்பிட்டா என்ன ஆகும்னு தென் கொரியாவைப் பாருங்க. அங்கயும் ஆம்பளைங்களுக்கு மட்டும் தான் கட்டாயம், தரைப்படைன்னா 18 மாசம். முன்னாடி சேவை முடிச்சவங்களுக்கு அரசு வேலைப் பரீட்சையில கூடுதல் மார்க் கொடுத்தாங்க, அது பொண்ணுங்களையும் ஊனமுற்றவங்களையும் பாதிக்குதுன்னு 1999-ல அரசியல் சாசன கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. தீர்ப்பு சரி தான், ஆனா அந்த மார்க்குக்கு பதிலா அரசு அந்தப் பசங்களுக்கு உருப்படியா என்ன கொடுத்தது? சம்பளம் ரொம்ப வருஷம் பேருக்கு தான் இருந்தது. அந்தக் கசப்பு இருபது வருஷத்துக்கு மேல ஊறிப் போய், 2021-ல பொண்ணுங்களையும் எடுக்கணும்னு ஜனாதிபதி மாளிகைக்கு போன மனுவுல ரெண்டு லட்சத்துக்கு மேல கையெழுத்து, 2022 தேர்தல்ல இளம் ஆம்பளைங்க ஒரு பக்கம் இளம் பொண்ணுங்க ஒரு பக்கம்னு ஓட்டே பிரிஞ்சு போச்சு. சட்டத்தைப் போட்டது அரசு, திட்டு வாங்கறது பக்கத்து வீட்டுப் பொண்ணு. உங்க கேள்வியை உங்க எம்.பி. கிட்ட கேளுங்க, கூட படிச்ச பொண்ணுங்க கிட்ட இல்ல.

கேள்வி: நார்வேல ஆம்பளைங்களும் பொண்ணுங்களும் ஒரே ரூம்ல தூங்கறாங்களாமே? ரெண்டு பொண்ணு பெத்தவ நான், கேக்கவே பதறுது. இதைப் போய் எப்படி ஆதரிக்கறீங்க?
– ஒரு தாய், மதுரை

பதில்: உங்க பதற்றம் நியாயமானது தாம்மா, இந்த மொத்த விஷயத்துலயும் எனக்கு முக்கியமா படறதே இது தான். ஆமா, நார்வேல நிறைய முகாம்ல கலந்து தான் தங்கறாங்க, ஒரு ரூம்ல ஆறு பேர்னா ரெண்டு பொண்ணு நாலு பையன், இந்த மாதிரி. ஆரம்பத்துல அதை ஆராய்ச்சி பண்ணவங்க, ஒண்ணா இருக்கறப்போ பொண்ணுங்களை தனி ஜாதி மாதிரி பாக்காம கூட இருக்கற ஆளா பாக்க ஆரம்பிக்கறாங்க, புரளி பேசறது குறையுதுன்னு எழுதினாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா அதே நார்வே ராணுவம் பின்னாடி எடுத்த சர்வேல, பாலியல் சீண்டல் அதிகமா நடக்கறது இளம் பொண்ணுங்களுக்கு தான்னு அவங்களே வெளிய சொல்லிருக்காங்க. நார்வே மாதிரி நாட்டுலயே இது தீரல. ஒண்ணை மட்டும் அவங்க கிட்ட பாராட்டணும், சர்வே எடுக்கறாங்க, மறைக்காம வெளியிடுறாங்க, பத்திரிகையில திட்டு வாங்கறாங்க, அப்புறம் திருத்தறாங்க.

சின்னச் சின்ன விஷயத்துல கூட தயாரிப்பு எவ்ளோ தேவைன்னு பாருங்க. கொரோனா சமயத்துல நார்வேல சரக்கு வரத்து தட்டுப்பாடுல, சேவை முடிஞ்சு வீட்டுக்கு போறவங்க அவங்க போட்ட உள்ளாடை, பிரா, சாக்ஸ் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு போகணும்னு சொல்லிட்டாங்க, துவைச்சு அடுத்த பேட்சுக்கு கொடுக்க. 2022 ஜனவரியில இது வெளிய வந்து பெரிய பிரச்சனை ஆச்சு. எண்ணெய் காசு குவிஞ்சு கிடக்கற நாடு அது. அங்கயே இப்படின்னா மத்த நாட்டுல துப்பாக்கிக் கணக்கை சரியா வச்சுட்டு பொண்ணுங்களுக்கு வேண்டியதை கடைசியில பாத்துக்கலாம்னு விடுவாங்கன்னு தான் நான் பயப்படறேன்.

தென் கொரியா விமானப்படையில 2021-ல ஒரு பெண் சார்ஜென்ட், கூட வேலை பாத்தவன் பண்ண பாலியல் தாக்குதலை முறையா புகார் கொடுத்தும், மேலதிகாரிங்க சமாதானமா போயிடுன்னு அழுத்தி, கடைசியில தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. விமானப்படைத் தளபதியே ராஜினாமா பண்ண வேண்டி வந்தது. அவங்க வேலையா எடுத்துட்டு போனவங்க, கட்டாயத்துல போனவங்க இல்ல. அவங்களுக்கே இந்த கதின்னா, 19 வயசுல சட்டம் இழுத்துட்டு வந்த ஒரு பொண்ணு யார் கிட்ட போய் சொல்லுவா? அதனால தான், புகாரை விசாரிக்கறவங்க அந்த முகாமோட கமாண்டருக்கு கீழ இருக்கக் கூடாது, ராணுவத்துக்கு வெளிய இருக்கணும்ங்கறதை நான் முதல் நிபந்தனையா வைக்கறேன். அது இல்லாத நாட்டுல உங்க பொண்ணை அனுப்ப மாட்டேன்னு நீங்க சொன்னா நான் உங்க பக்கம் தான்.

கேள்வி: இஸ்ரேல்ல ஆரம்பத்துல இருந்தே பொண்ணுங்க ராணுவத்துல இருக்காங்களே, அதுவே போதாதா உதாரணத்துக்கு?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: 1949-லயே சட்டம் வந்தது உண்மை. ஆனா பொண்ணுங்களுக்கு மாசம் கம்மி, கல்யாணம் ஆனா விலக்கு, மதக் காரணம் சொன்னா விலக்கு, கொடுத்த வேலையும் ரொம்ப வருஷம் டைப் அடிக்கறது, டீச்சர், ஆபீஸ் தான். பைலட் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே விடலன்னு ஆலிஸ் மில்லர்னு ஒரு பொண்ணு கோர்ட்டுக்கு போய் 1995-ல ஜெயிச்ச பிறகு தான் கதவு திறந்தது. அதாவது கட்டாயம் முதல்ல வந்தது, உரிமை வர 46 வருஷம் ஆச்சு.

அதை விட வேதனையான விஷயம் நஹல் ஓஸ் முகாம். காஸா எல்லையில கேமரா முன்னாடி மணிக்கணக்கா உக்காந்து பாக்கற வேலை, முழுக்க இளம் பொண்ணுங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் பயிற்சி நடக்குது, வேலிகிட்ட வந்து பாத்துட்டு போறாங்கன்னு அவங்க மாசக்கணக்கா சொல்லிட்டே இருந்தாங்க, மேல யாரும் காதுல வாங்கல. 2023 அக்டோபர் 7 அன்னைக்கு ஹமாஸ் தாக்குனப்போ அந்த முகாம்ல கண்காணிப்புப் பொண்ணுங்க 15 பேர் கொல்லப்பட்டாங்க, 7 பேரை காஸாவுக்கு கடத்திட்டு போனாங்க. அவங்க கையில துப்பாக்கி கூட இல்ல. பொண்ணுங்களை எடுத்தாச்சுன்னு எண்ணிக்கை காட்டறது சுலபம், அவ சொல்றதை ஒரு கர்னல் உக்காந்து கேக்கணும், அது நடக்கலன்னா எடுத்ததுக்கு அர்த்தமே இல்ல.

கேள்வி: வன்னியில கடைசி வருசங்களில வீட்டுக்கு ஒராள் எண்டு பெட்டையளையும் பிடிச்சுக்கொண்டு போனதை நாங்கள் கண்ணால கண்டனாங்கள். அதுக்குப் பிறகும் பொம்பிளையளுக்கு கட்டாய ஆட்சேர்ப்பு சரி எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?
– ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: அக்கா, நீங்க சொல்றதுக்கு எதிரா சொல்ல என்கிட்ட ஒரு வார்த்தையும் இல்ல. 80கள்ல புலிகள் இயக்கத்துக்கு தானா போன பொண்ணுங்க வேற, கடைசி வருஷங்கள்ல பிடிச்சுட்டு போன பொண்ணுங்க வேற. அந்தக் கட்டாய ஆட்சேர்ப்பை 2011-ல வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் பதிவு பண்ணிருக்கு. பிள்ளையை ஒளிச்சு வச்ச பெத்தவங்க, கல்யாணம் ஆனா விடுவாங்கன்னு சின்ன வயசுலயே அவசர அவசரமா கட்டிக் கொடுத்தவங்க, இதெல்லாம் நம்ம மக்கள் அனுபவிச்சது.

இதே தான் ஆப்பிரிக்காவுல இருக்கற எரித்திரியாவுலயும். அங்க 1995 சட்டப்படி ஆம்பளை பொண்ணு ரெண்டு பேருக்கும் 18 மாசம், 1998 எல்லைப் போருக்கு அப்புறம் அது முடிவே இல்லாம போச்சு. பள்ளிக்கூடத்தோட கடைசி வருஷத்தையே சாவாங்கற ராணுவ முகாம்ல படிக்கணும். அங்க அதிகாரிங்க பொண்ணுங்களுக்கு பண்ற கொடுமையை ஐ.நா. விசாரணைக் குழுவே எழுதிருக்கு, அதுக்கு பயந்து பொண்ணுங்க படிப்பை நிறுத்தி கல்யாணம் பண்ணிக்கறாங்க, குழந்தை பெத்துக்கறாங்க. சட்டம் எழுத்துல முழு சமத்துவம், நடைமுறையில அடிமைத்தனம். ஓட்டுப் போட்டு மாத்த முடியாத அரசு, கோர்ட்டுல கேள்வி கேக்க முடியாத அரசு, எப்ப வீட்டுக்கு விடுவேன்னு தேதி சொல்லாத அரசு, 18 வயசு ஆகாத பிள்ளையை எடுக்கற எந்த இயக்கமும் சரி, இவங்க யாருக்கும் யாரையும் கட்டாயப்படுத்தற உரிமை கிடையாது, பொண்ணையும் சரி பையனையும் சரி. டென்மார்க் சட்டத்தை ஆதரிக்கறேன்னா அங்க இது எல்லாத்தையும் கேள்வி கேக்க முடியும்ங்கறதால மட்டும் தான்.

கேள்வி: நம்ம நாட்டுல இது வருமா? வந்தா நான் முதல் ஆளா போவேன், அப்பா தான் விடமாட்டேங்கறார்.
– ஒரு கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: இந்தியாவுல கட்டாய ராணுவ சேவை கிடையாதும்மா, வர்ற மாதிரியும் எனக்கு தெரியல, காத்திருக்கற இளைஞர் கூட்டமே இங்க ஏராளம். ஆனா அரசியல் சாசனத்துல அதுக்கு இடம் இருக்கு. 23(2) பிரிவு, பொது நோக்கத்துக்காக அரசு கட்டாய சேவை கொண்டு வரலாம், அதுல மதம், இனம், ஜாதி, வர்க்கம் பாத்து மட்டும் பாகுபாடு பண்ணக் கூடாதுன்னு சொல்லுது. அந்தப் பட்டியல்ல ஆண் பெண் வித்தியாசம் இல்ல, 15-வது பிரிவுல இருக்கு, இங்க இல்ல. அதாவது நாளைக்கு சட்டம் வந்தா பொண்ணுங்களை விடவும் செய்யலாம், சேக்கவும் செய்யலாம், பார்லிமெண்ட் கையில இருக்கு.

அது வரைக்கும் நீங்க ஏன் காத்திருக்கணும்? சென்னை பரங்கிமலையில இருக்கற ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில (ஓ.டி.ஏ.) 1992-ல இருந்து பெண் அதிகாரிங்களுக்கு பயிற்சி நடக்குது. முப்படை அதிகாரிங்களை உருவாக்கற தேசிய பாதுகாப்பு அகாடமியில (என்.டி.ஏ.) 2021-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு பொண்ணுங்களையும் சேத்துக்கிட்டாங்க, 2025 மே மாசம் முதல் பேட்ச்ல 17 பொண்ணுங்க முடிச்சு வெளிய வந்தாங்க. நீங்க காலேஜ்ல என்.சி.சி.ல இருந்து 'சி' சர்டிபிகேட் வாங்கினா, அதிகாரி ஆகறதுக்கான சி.டி.எஸ். எழுத்துப் பரீட்சை இல்லாம நேரா எஸ்.எஸ்.பி. தேர்வு வாரிய இண்டர்வியூ போற தனி வழியே இருக்கு. அப்பாவை ஒரு நாள் பரங்கிமலையில பாசிங் அவுட் பரேடுக்கு கூட்டிட்டு போக முடியுதான்னு பாருங்க, உங்க என்.சி.சி. அதிகாரி கிட்ட கேட்டா விவரம் சொல்வாங்க.