பள்ளிக் கழிப்பறைக்குப் போக மறுக்கும் எல்கேஜி மகள்

சகோதரி, உங்கள் மகள் பள்ளியில் மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு, திருமங்கலம் வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக்கு ஓடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை அடம் என்று திட்டாதீர்கள். வீட்டில் வெஸ்டர்ன், பள்ளியில் இந்தியன். அந்தக் குழிக்கு மேல் குந்த அவளுக்குப் பயமாக இருக்கும். பாட்டி வீட்டில் இந்தியன் கழிப்பறை இருந்தால் விடுமுறைகளில் அங்கே பழக்குங்கள், அதுவும் சீருடையிலேயே. பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் நான்கு வயதுக்குப் பெரிய வித்தை!

மதுரை வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் அடக்கிவைத்தால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். எரிச்சலோ காய்ச்சலோ தெரிந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதுவும் சிறுநீர்ப்பையை அழுத்தும்.

கழுவும்போது கை முன்னிருந்து பின்னுக்குத்தான் போக வேண்டும். பெண் குழந்தைகளுக்கு இது மிக முக்கியம். பிறகு சோப்புப் போட்டு, 1 முதல் 20 வரை எண்ணியபடி கைகளைத் தேய்க்கட்டும்.

சானிட்டைசர் பாட்டிலைப் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது, குழந்தை குடித்துவிட்டால் ஆபத்து. இடைவேளைதோறும் ஆயாவை உடன் அனுப்பும்படி வகுப்பாசிரியையிடம் நாளையே பேசுங்கள்.