இரண்டே வாரத்தில் புது சீல் ஒழுகுகிறதா?

ஏற்காடு எஸ்டேட் பாதையில் ஓடும் ஜீப், முன் ஆக்ஸிலின் உள் சீலை (டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியின் ஆயில் ஆக்ஸில் குழாய்க்குள் வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியும் இரண்டே வாரத்தில் ஒழுகுகிறது என்கிறீர்கள். சீல் மட்டமானது என்று முடிவு கட்டாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை மாட்டிய விதத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

ஆக்ஸில் குழாயின் வெளி வாயில் செம்மண்ணும் பழைய கிரீஸும் கெட்டியாக அப்பியிருக்கும். ஷாஃப்டைக் குழாயின் அடியோடு உரசியபடி நுழைத்தால் அதன் பல் வெட்டிய முனை அத்தனையையும் வாரிக்கொண்டு போய் சீல் உதட்டில், அதாவது ஷாஃப்டைத் தொடும் ரப்பர் விளிம்பில், அப்பிவிடும். நானும் ஒருமுறை இப்படி மாட்டி, டிஃபரென்ஷியலை மறுபடி பிரித்தேன். அந்த ஞாயிறு அதோடு போச்சு.

புது சீல் போடும் முன்பே குழாயைத் துடையுங்கள். கம்பில் டீசல் துணி சுற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். அப்புறம் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டி வாயில் செருகி, அதன் மேல் ஷாஃப்டை வழுக்கி விடுங்கள். கடைசி நாலு விரற்கடை இருக்கும்போது ஃபிலிமை உருவிவிடலாம். சீல் உதட்டில் கொஞ்சம் கிரீஸ். முனை சீலைத் தாண்டும்போது ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் அவசியம்.

ஷாஃப்டில் சீல் உதடு உட்காரும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் எந்த சீலும் நிற்காது. ஆக்ஸிலின் காற்றுப்போக்கியான பிரீதரையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாகத்தான் ஆயில் வெளியே வரும்.